ஒரே நடை

சின்னவரின் டயர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் முகம் சரியாக நினைவிருக்காது. எப்போது போனாலும் ஏதாவது ஒரு சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்த தலையோடுதான் பேசுவார். "எவ்வளவு காத்து வெக்கணும்?" என்று கேட்பார். "நீங்களே பாத்து வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டால் போச்சு. "வண்டி உங்களுதா, என்னுதா? டிரைவர் பக்கம் கதவைத் திறந்தா ஓரத்துல காத்து அளவு ஒட்டியிருக்கும். எறங்கி வந்து படிங்க" என்பார். படித்துச் சொல்லும் வரை குழாயை மாட்ட மாட்டார். சிடுமூஞ்சி என்று பெயர். ஆனால் அவர் கை பட்ட சக்கரம் வழியில் கழுத்தறுக்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

கடையின் பக்கவாட்டில், மழை படாத இடமாகப் பார்த்து ஒரு டிரெய்லர் நிற்கும். இரண்டே சக்கரம், சொந்தமாக பிரேக் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகலாம். வீடு மாற்றுகிறவர்கள், தோட்டத்துக்கு எரு ஏற்றுகிறவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதன் முன்புறத்துத் தகட்டில் அடித்திருந்தது. வண்டியைக் கொடுக்குமுன் சின்னவர் அந்தத் தகட்டை விரலால் தட்டிக் காட்டுவார்.

அவருடைய அண்ணன் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினவர். பிள்ளைகள் அவரை 'ஆமை மாமா' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு. வேன் ஓட்டுவதை விட்ட பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அண்ணியைச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவார். டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிற கார் அது. அண்ணனுக்கு அதில் தீராத வியப்பு. "பாருடா, நம்ம கடைக்கே வேட்டு வெச்சுட்டான்" என்று தம்பியைச் சீண்டுவார்.

அண்ணன் மகள் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஒரே ஒரு பையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது சின்னவர்தான். பையன் அவருடைய வாடிக்கை. ஒருநாள் பஞ்சருக்கு வந்தவன், கூட்டம் இருந்ததால் முக்கால் மணி நேரம் முணுமுணுக்காமல் மரத்தடியில் நின்றான். 'இவ்வளவு பொறுமையான பையன் எங்க கிடைப்பான்' என்று அன்றைக்கே அவருக்குத் தோன்றியது. அந்தத் தோன்றல்தான் கல்யாணம் வரை போயிற்று.

ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு மகள் சொன்னது இவ்வளவுதான்: "அவரும் நல்லவர்தான், நானும் நல்லவதான். ஒரு வீட்டுக்குள்ள இருக்க முடியலம்மா." அடித்தான், குடித்தான் என்றால் அண்ணி நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் பட்டுக்கொண்டிருப்பாள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் தெருவில் நடமாடுவதையே குறைத்துக்கொண்டாள். சின்னவரும் அண்ணன் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத்தான் அங்கே உட்கார்ந்தால் முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, சாமான்களை எடுத்துவருவது என்று முடிவானது. அண்ணன் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். சின்னவர் போனபோது மகள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். கட்டில், மெத்தை, இரும்பு பீரோ, வாஷிங் மெஷின், மேஜை, பாத்திர மூட்டை நாலு, புத்தகப் பெட்டி பதினெட்டு.

"பதினெட்டா?" என்றார் சின்னவர். "அம்மாடி, காயிதம் மாதிரி கனம் இரும்புல கூட கிடையாது. ரெண்டு நடையா போயிட்டு வரட்டும். பொஸ்தகம் ஒரு நடை, மத்தது ஒரு நடை."

அடுப்படியில் நின்ற அண்ணி திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டு தடவை அந்த வாசல்ல போயி நிக்கச் சொல்றியா தம்பி, உங்க அண்ணனை?"

"அதுக்கில்லண்ணி. டிரெய்லர் தாங்காது."

"ஒருவாட்டி போயிட்டு வந்தா போதும். மிச்சம் மீதி எதுவும் அங்க இருக்கக் கூடாது. நாளைக்கு ஒரு கரண்டிய மறந்துட்டீங்கன்னு அவங்க ஆள் அனுப்பக் கூடாது. ஒரே நடை. அவ்வளவுதான்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். "என்னாலயும் ரெண்டாவது தடவை முடியாதுடா" என்றார் மெதுவாக. "காருக்குள்ளயும் கொஞ்சம் போட்டுக்கறேன். ஆமை மாதிரி ஊர்ந்து வரேன். சரியா?"

சரியில்லை என்று சின்னவருக்குத் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் கொக்கியிலேயே கை வைக்க விட்டிருக்க மாட்டார். ஆனால் அந்த வீட்டில் தன் பேச்சு பழையபடி எடுபடாது என்று அவருக்கு ஒரு எண்ணம். சம்பந்தம் பேசினவன் மேற்கொண்டு என்ன பேசுவது? "சரிண்ணே" என்றார்.

போகிற அன்று காலையில், வெயில் ஏறுமுன்பே அண்ணன் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். சின்னவர் தானே டிரெய்லரைத் தள்ளிவந்து மாட்டினார். கொக்கியை இரண்டு தரம் உலுக்கிப் பார்த்தார். பிடிப்பு விட்டால் தாங்குவதற்கான சங்கிலியைக் குறுக்காகப் போட்டார். பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். ஆறு சக்கரங்களுக்கும் காற்று வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கங்க. கனமானதெல்லாம் டிரெய்லருக்கு முன்பக்கம், கார் பக்கமா வரணும். பீரோ, மெஷின் எல்லாம் முன்னாடி. மெத்தை, மூட்டையெல்லாம் பின்னாடி. கனம் வால் பக்கம் போச்சுன்னா வண்டி ஆடும். ஆடிச்சுன்னா பிரேக்கை மிதிச்சிடாதீங்க. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா புடிங்க, அதுவா அடங்கும்."

"சரிடா. பள்ளிக்கூடத்துல சேத்த மாதிரி இருக்கு." அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டு, கண்ணாடியை இறக்கினார். "நீயும் வாயேன். தூக்கறதுக்கு ஒரு கை ஆகும்."

"ரெண்டு லாரி டயர் நிக்குதுண்ணே. இன்னிக்கே குடுக்கணும்."

லாரி டயர் நின்றது உண்மைதான். ஆனால் சின்னவர் போகாததற்குக் காரணம் அது இல்லை. அந்தப் பையனின் முகத்தில் விழிக்க அவருக்குத் துணிவில்லை. அண்ணனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வற்புறுத்தாமல் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். லாரியின் பின்சக்கரத்தைக் கழற்றி டயரை நெம்பிக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சின்னவர் பேசினார்.

"ஏத்தியாச்சுடா. கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. ஓரம் கட்டிட்டுத்தான் பேசறேன்."

"எல்லாம் குடுத்துட்டாங்களாண்ணே?"

"குடுத்துட்டான். அவனே ஒவ்வொண்ணா தூக்கியாந்து ஏத்தினான். நான் கேட்டுக்குள்ள போகல, காருக்குள்ளயே உக்காந்துட்டேன். தண்ணி கொண்டாந்து குடுத்தான், வாங்கலடா. வாங்கியிருக்கலாம். வெயில்ல அவனும் வேர்த்து விறுவிறுத்துப் போயி நின்னான்."

"விடுங்கண்ணே."

"வண்டிதான் என்னமோ பின்னால புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. வாலு லேசா ஆடுது. லைட்டு எதுவும் எரியல."

லாரிக்காரர் இந்தப் பக்கம் நின்று, "அண்ணே, இருட்டறதுக்குள்ள நான் போய்ச் சேரணும், கொஞ்சம் பாருங்க" என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நெம்புகோல் கையிலிருந்து நழுவியது. சின்னவர் அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"லைட்டு எரியலன்னா சரிதாண்ணே. பாரம் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். மெதுவா வாங்க."

"மெதுவாத்தான் வரேன். நான் என்னிக்குடா வேகமா போனேன்?" என்று சிரித்துவிட்டு அண்ணன் போனை வைத்தார்.

அதன்பின் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். ஒரு இறக்கத்தில் டிரெய்லர் வலமும் இடமுமாக வீச ஆரம்பித்தது. பின்னால் வந்த பால்வண்டிக்காரர் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். "வேகமே இல்லைங்க. அம்பதைத் தாண்டியிருக்காது. வாலு ஆட ஆட, அந்த மனுஷன் பிரேக்கைப் புடிச்சாரு, சிவப்பு லைட்டு எரிஞ்சுது. அப்படியே பின்னால இருந்தது முன்னால இருந்ததைத் தள்ளிருச்சு" என்று சொன்னார். கார் பக்கவாட்டில் சுழன்று பாலத்துச் சுவரில் மோதியது. இருபத்தாறு வருஷம் குறுக்கே ஓடிவரும் பிள்ளைகளுக்காக பிரேக்கைத் தேடிப் பழகிய கால். காலையில் தம்பி சொன்ன ஒரு பேச்சு அந்தக் காலை எப்படித் தடுக்கும்?

சின்னவர் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் உடலைக் கொண்டுபோயிருந்தார்கள். புத்தகப் பெட்டிகள் உடைந்து, ஓடை வரைக்கும் பாடப் புத்தகங்களும் கதைப் புத்தகங்களும் இறைந்து கிடந்தன. காற்றில் பக்கங்கள் புரண்டுகொண்டிருந்தன. யாரோ ஒரு பெண்மணி அவற்றைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் அண்ணன் மகளின் பெயர் இருந்தது.

நடக்க வேண்டியதெல்லாம் நடந்து, வந்தவர்கள் போனார்கள். வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். மகள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பொஸ்தகத்தையாவது விட்டுத் தொலைச்சிருக்கலாம்மா" என்பாள். "நான்தான் ஒரே நடைன்னு சொன்னேன்" என்பாள் அண்ணி.  சின்னவர் தினமும் சாயங்காலம் காய்கறியோ பாலோ வாங்கிக்கொண்டு போவார். வாசல் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். போனில் பேசியதைச் சொல்ல வாயெடுப்பார். கடைசியில் பால் விலையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்.

போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நசுங்கிய காரையும் டிரெய்லரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போடப் போன சின்னவர், யாரும் சொல்லாமலே டிரெய்லரின் இடது சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷப் பழக்கம். டயருக்குள் கையை விட்டுத் துழாவியபோது கருப்பாக ரப்பர்த் துகள் கை நிறைய வந்தது. பக்கச் சுவர் சுற்றிலும் நொறுங்கிப் போயிருந்தது. காற்று குறைந்த டயர் பாரத்தோடு வெகுதூரம் ஓடினால்தான் இப்படி ஆகும். தடவிப் பார்த்தபோது ஒரு சின்ன ஆணி. திடீரென்று வெடிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. அண்ணன் ஓரம் கட்டிப் பேசினபோதே அது பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். இறங்கிப் போய் காலால் ஒரு உதை உதைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த மஞ்சள் விளக்கு காரின் நாலு சக்கரத்துக்கு மட்டும்தான். டிரெய்லர் சக்கரம் தரையோடு ஒட்டிப் போனாலும் அது எரியாது. அண்ணனுக்கு இது தெரியாது. சின்னவருக்கு நன்றாகத் தெரியும்.

ரப்பர்த் துகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதிகாரி, "என்ன, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். "ஆணி ஏறியிருக்கு சார்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் வாரம் அந்தப் பையன் கடைக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. பழையபடி மரத்தடியில் போய் நின்றான். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும் நீங்க."

"கேளுங்க மாப்ள."

"நான் ஏத்தினதுல ஏதாவது தப்பா?"

சின்னவர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். "பீரோவை எங்க வெச்சீங்க?"

"கடைசியா... பின்னாடி, கதவோரமா" என்றான். "மாடியிலேர்ந்து எறக்கணும், லேட்டாகும்னு அவர்கிட்ட சொன்னேன். அது காரணமில்ல மாமா. அதைக் குடுக்க மனசு வரல. திறந்தா அவ துணி வாசனை அடிக்கும். எல்லாத்தையும் ஏத்திட்டு, கடைசி வரைக்கும் தள்ளிப் போட்டு, வேற வழியில்லாமத்தான் எடுத்தாந்தேன். மெஷினும் அது பக்கத்துலதான்."

"கனம் பின்னாடி போனா வால் ஆடும்" என்றார் சின்னவர். "முன்னாடி வெச்சிருக்கணும்."

"அவர் ஒண்ணும் சொல்லலையே மாமா. திரும்பிக்கூடப் பாக்கல." குரல் உடைந்தது. "அப்போ நான்தானா?"

தொட்டியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாக மேலே வந்தன. அந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டு, "பின்னாடி கனம் இருந்தது ஒரு காரணம்" என்றார் சின்னவர். அவன் அழுதான். அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. அவன் போன பிறகு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நெஞ்சில் கொஞ்சம் காற்றோட்டம் வந்தது போலத்தான் அவருக்கு இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி கேட்டாள்: "அவன் கடைக்கு வந்தானாமே. எதுக்கு?"

சின்னவர் பீரோ விஷயத்தைச் சொன்னார். வாசனை பற்றிச் சொல்லவில்லை. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள்.

"அது பின்னாடி இருந்ததாலதான் வண்டி ஆடிச்சா சித்தப்பா?"

"அதுவும் ஒரு காரணம்மா."

"அப்பா வாசல்ல இருக்காரு, திரும்பிப் பாக்க மாட்டாருன்னு அவருக்குத் தெரியும். வேணும்னே பண்ணியிருக்கார்."

"அப்படிச் சொல்லாதம்மா..."

"பின்ன எப்படிச் சொல்றது?" என்றாள். இத்தனை நாள் செத்துக் கிடந்த கண்ணில் அன்றைக்குத்தான் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கச் சின்னவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் போனபோது, அவள் மேஜையில் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தாள். டீச்சர் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. என் தகப்பனார் மீதிருந்த விரோதத்தால் ஆபத்து நேரும் என்று தெரிந்தே பாரத்தைப் பின்புறம் ஏற்றியவர் என் கணவர் என்று போலீசுக்கு ஒரு புகார்.

"இதுல நீங்க கையெழுத்துப் போடணும் சித்தப்பா. முப்பது வருஷமா டயர் கடை வெச்சிருக்கவர் சொன்னா எடுத்துக்குவாங்க."

அண்ணி கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "போடு தம்பி. செத்தவருக்கு அதையாவது செய்வோம்."

சின்னவர் பேனாவை வாங்கினார். தாளைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், வாங்கியிருக்கலாம் என்று சொன்ன அண்ணன் குரல் காதில் கேட்டது. பேனாவை மேஜை மேல் வைத்தார்.

"அண்ணன் எனக்குப் போன் பண்ணினாரு" என்றார்.

"எப்போ?" என்றாள் அண்ணி.

"அன்னிக்கு. மூணு மணிக்கு. வண்டி இழுக்குது, வால் ஆடுது, லைட்டு எரியலன்னு சொன்னாரு. அந்த லைட்டு டிரெய்லருக்குக் கிடையாதுண்ணி. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எறங்கிப் போயி டிரெய்லர் டயரைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. லைட்டு எரியலன்னா சரிதான், வாங்கன்னுட்டேன். டயர்ல ஆணி இருந்துச்சு. எழுநூத்தம்பதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு தெரிஞ்சே கொக்கியை மாட்டி விட்டதும் நான்தான். அந்தப் பையன் வேணும்னு எதுவும் செய்யலம்மா. பீரோவைக் குடுக்க மனசில்லாம கடைசி வரைக்கும் வெச்சிருந்திருக்கான். உன் துணி வாசனை அடிக்குமாம் அதுல."

 மகள் அந்தத் தாளை எடுத்து, நான்காக மடித்து, கையில் இறுக்கிக்கொண்டாள். அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணி மெதுவாக நடந்து வந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இப்போது திட்டப் போகிறாள் என்று சின்னவர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அவரு கடைசியா பேசினது உன்கிட்டயா?"

"ஆமாண்ணி."

"எனக்குப் பண்ணலையேன்னு இத்தனை நாளா மனசு கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. காலையில கோவமா பேசி அனுப்பினேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "குரல் எப்படி இருந்துச்சு? பயந்த மாதிரியா?"

"இல்லண்ணி. பயமெல்லாம் இல்ல."

"என்னென்ன சொன்னாரு? ஒண்ணு விடாமச் சொல்லு."

சின்னவர் சொன்னார். ஏற்றியாச்சு என்றதிலிருந்து தொடங்கி, தண்ணீர், வெயில், வால், விளக்கு, எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார். அண்ணி கண்ணை மூடிக் கேட்டாள்.

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். சாயங்காலம் அவர் போய் உட்கார்ந்ததும் டம்ளரில் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அன்னிக்குப் பேசினதைச் சொல்லு தம்பி" என்பாள். மறந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் தன்னுடைய அந்த ஒரு வாக்கியம் வரும்போது சின்னவர் தலையைக் குனிந்துகொள்வார். ஆனாலும் அதை விட்டுவிடாமல் சொல்லுவார். மகளின் அறைக் கதவு சாத்தியே இருக்கும். புகார் போலீசுக்குப் போகவில்லை என்று மட்டும் தெரிந்தது. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். வருவாள், செருப்பைக் கழற்றுவாள், அவரைக் கடந்து உள்ளே போவாள். 'வாங்க சித்தப்பா' என்பது நின்றுபோய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் போவதை நிறுத்தவில்லை.

ஒருநாள் நல்ல மழை. நனைந்துகொண்டுதான் போனார். அண்ணி துண்டைக் கொடுத்தாள், டீயை வைத்தாள். அவர் சொல்லிக்கொண்டே வந்து, வால் லேசாக ஆடுகிறது என்கிற இடத்துக்கு வந்தபோது, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"லைட்டு எரியலன்னு அப்பாவா சொன்னாரா, நீங்க கேட்டீங்களா?"

சின்னவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவராத்தாம்மா சொன்னாரு. நான் எதுவுமே கேக்கல. கேட்டிருக்கணும்."

 கதவுக்குப் பக்கத்திலேயே, தரையில் உட்கார்ந்துதான் அவள் பேசுகிறாள் என்று குரலில் தெரிந்தது.

"அப்புறம்?"

"நான் சரிதான், மெதுவா வாங்கன்னேன். மெதுவாத்தான் வரேன், நான் என்னிக்குடா வேகமா போனேன்னாரு. சிரிச்சாரு."

"ம். மேல சொல்லுங்க சித்தப்பா."

சின்னவர் அண்ணியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல இல்லம்மா" என்றார். "அதோட வெச்சுட்டாரு."